படுத்தால் சரியாகும் மூச்சிரைப்பு: நகம் மறைத்த ஒரு நோயின் கதை

ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டும் ஆக்சிமீட்டரை, மூச்சிரைப்போடு வந்த இளைஞரின் ஆள்காட்டி விரலில் மாட்டினேன். 88 காட்டியது. கழற்றி நடுவிரலில் மாட்டினேன், 87. மோதிர விரலில் எண்ணே வரவில்லை. கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விரலை ஒழுங்காகப் பார்த்தேன். நகம் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் சின்னதாக ஒரு தகடு, அதுவும் நீளவாக்கில் பிளந்து, வறுத்த புளியங்கொட்டையின் தோல் உரிந்து நிற்பது போல் இருந்தது. சுண்டுவிரலில் அதுவும் இல்லை, வெறும் சதைதான்.

இப்படி நகம் இருந்தால் மெஷின் எப்படிச் சரியாகக் காட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தித்தான் கணக்குப் போடுகிறது. நகப்பூச்சு, மருதாணி, கோணல் நகம் எல்லாமே அதைக் குழப்பலாம். அதனால் சீட்டில் அந்த எண்ணை எழுதாமல் விட்டேன். ரத்தசோகை இருந்தது. மூச்சிரைப்புக்கு அதைக் காரணம் காட்டி, இரும்புச்சத்து மாத்திரையை நீட்டித்து அனுப்பிவிட்டேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் கை வைக்கவில்லை.

யார் இவர்

வயது 26. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மெலிந்த உடம்பு, முன்னந்தலையில் நரை. கழுத்திலும் மார்பிலும் வலை விரித்தது போல் கறுப்பும் வெளுப்புமாக நிறமாற்றம். கண்ணில் எப்போதும் நீர் வடிந்துகொண்டே இருந்தது. தோளில் கிடந்த துண்டால் பேச்சுக்கு நடுவே ஒற்றிக்கொண்டார். நாக்கின் ஓரத்தில் வெள்ளைத் திட்டு. பற்களில் பழுப்புக் கோடுகள்.

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஏராளம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். அதற்கு முன் வளர்ந்த பிள்ளைகளில் கறைப்பல் இல்லாதவர்களைத் தேட வேண்டும். ஆகவே இங்கே வாயைத் திறந்து காட்டினால் டாக்டருக்கும் சரி, வீட்டாருக்கும் சரி, முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். இவருடைய பல் கறை உண்மையிலேயே தண்ணீரால் வந்தது. ஆனால் நாக்கில் இருந்த வெள்ளைத் திட்டும் அதே கணக்கில் சேர்ந்து பல வருடம் யார் கண்ணிலும் படாமல் போயிற்று. நகத்துக்குக் காரணம் கேட்டால் "சின்ன வயசுல புளி தட்டப் போவான் சார், அதுல போயிடுச்சு" என்றார் அம்மா. கழுத்துக் கறுப்புக்குத் தேமல் மருந்து.

நகம், கழுத்து, நாக்கு மூன்றையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் பெங்களூரில் இருந்த மருத்துவர்கள். இவருக்கு அப்போது 16 வயது. உடம்பெல்லாம் ஊதா புள்ளிகள், பல் துலக்கினால் நிற்காத ரத்தம் என்று அங்கே போயிருக்கிறார்கள். எலும்பு மஜ்ஜை கிட்டத்தட்ட வற்றிவிட்டிருந்தது. அந்த மூன்றும் சேர்ந்தால் அது டிஸ்கெரட்டோசிஸ் கன்ஜெனிட்டா. 1906-இல் சின்ஸர் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் முதலில் எழுதிவைத்த பழைய நோய். அது தோல் நோய் என்ற எண்ணம் மாறப் பல பத்தாண்டுகள் ஆயின.

குரோமோசோமின் நுனியில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து மீண்டும் மீண்டும் ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டிருக்கும். அதுதான் டெலோமியர். கயிற்றின் நுனி பிரியாமலிருக்க ஒரு முடிச்சுப் போடுவோமே, அந்த வேலை. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் இது கொஞ்சம் தேயும். தேய்ந்ததை ஈடுகட்டும் நொதி டெலோமரேஸ். எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-இல் நோபல் பரிசு இந்த விஷயத்துக்காகத்தான் கிடைத்தது. அந்த நொதியிலோ, டெலோமியரைப் போர்த்திக் காக்கும் புரதங்களிலோ பிறவியிலேயே பிழை இருந்தால், வயதுக்கு மீறி டெலோமியர் குட்டையாகிவிடும். ஓயாமல் பிரியும் செல்கள் உள்ள இடங்கள்தான் முதலில் அடிவாங்கும்: மஜ்ஜை, தோல், வாய். இவருடைய நோயும் அப்படி வரும் டெலோமியர் நோய்களில் ஒன்று.

பெங்களூரில் 17 வயதில் மஜ்ஜை மாற்று செய்தார்கள். கொடுத்தவர் அக்கா. இந்த நோய்க்காரர்களின் நுரையீரலும் கல்லீரலும் கடுமையான முன்தயாரிப்பு மருந்துகளைத் தாங்காது. அதனால் கதிரியக்கமும் புசல்ஃபான் என்ற கடும் மருந்தும் இல்லாமல் குறைந்த வீரியத்தில் செய்திருந்தார்கள். நல்ல வேலை. நூறாவது நாள் ரத்தத்தில் நூறு சதவீதம் அக்காவின் செல்கள். இரண்டாம் வருடம் மருந்தெல்லாம் நிறுத்தியாயிற்று. "ரத்தம் நல்லாயிடுச்சு" என்று வீட்டில் கிடா வெட்டினார்கள். அதன் பிறகு பெங்களூர் போவது வருடம் ஒரு முறை ஆகி, கொரோனா காலத்தோடு நின்றேபோனது.

மூன்று வாரம் கழித்து

மீண்டும் வந்தார். மாத்திரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறை அம்மாவுடன் அக்காவும் வந்திருந்தார். பேச்சை நகர்த்தியவர் அவர்தான். "சார், இவன் மண்டியில பெட்டிங்களுக்கு நடுவுல சாக்கு விரிச்சுப் படுத்துக்கிறானாம். ஓனரு எங்கிட்ட சொல்லி வருத்தப்படறாரு, சோம்பேறி ஆயிட்டான்னு."

"எதுக்குத் தம்பி படுக்கிற?"

"படுத்தா மூச்சு வருது சார்."

மருத்துவக் கல்லூரியில் எங்கள் தலையில் ஏற்றியது இதற்கு நேர் எதிர். இதயம் பலவீனமானால் படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் ஆறும். எங்கள் பகுதியில் நெஞ்சில் நீர் கோத்தவர்கள் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்தே இருப்பார்கள். உட்கார்ந்தால் இரைத்து, படுத்தால் தெளிகிறது என்று ஒருவர் சொன்னால் அதற்கு இருக்கும் காரணங்கள் மிகக் குறைவு.

ஆக்சிமீட்டரைக் காது மடலில் மாட்டும் கிளிப்பை அறுவை அரங்கிலிருந்து எடுத்து வரச் சொன்னேன். காதில் நகம் இல்லை, சாக்குச் சொல்ல முடியாது. உட்கார்ந்த நிலையில் 87. படுக்கச் சொன்னேன். மூவருமாக அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 88, 90, 91. ஐந்து நிமிடத்தில் 95-இல் நின்றது. "எந்திரி சாமி" என்றார் அம்மா. எழுந்து உட்கார்ந்ததும் எண் படிப்படியாக இறங்கி மறுபடி 87. இன்னொரு முறை செய்து பார்த்தோம், அதே கதைதான்.

மெஷின் முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் நகத்தை நம்பினேன்.

நகம் இன்னொன்றையும் மறைத்திருந்தது. நாள்பட்ட ஆக்சிஜன் குறைவில் விரல் நுனி உருண்டு, நகம் கிளி மூக்காக வளையும். எந்த ஹவுஸ் சர்ஜனும் கண்டுபிடித்துவிடும் அறிகுறி அது. இவருக்கு வளைவதற்கு நகமே இல்லை. அதே மாதிரி, கல்லீரல் நோயில் மார்பில் சிலந்தி வடிவில் தெரியும் சிறு ரத்தக்குழாய்கள் இவருக்கு நான்கைந்து இருந்தன. வலை போன்ற கறுப்புக்குள் அவை கலந்துபோயிருந்தன. கண்ணாடிச் சில்லை வைத்து அழுத்தி எடுத்தபோதுதான் நடுப்புள்ளியிலிருந்து ரத்தம் திரும்பி நிரம்புவது தெரிந்தது.

ரத்தக் கணக்கு சொன்னது

ஹீமோகுளோபின் 9.4. இது என்னைத் தொந்தரவு செய்தது. மாதக்கணக்கில் ஆக்சிஜன் 87-இல் இருப்பவருக்கு உடம்பு அதை ஈடுகட்டச் சிவப்பணுக்களைக் கூட்டியிருக்க வேண்டும். 16, 17 என்று ஏறியிருக்க வேண்டும். அது 9-இல் இருக்கிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது. சிவப்பணுவின் அளவும் சிறுத்திருந்தது, இரும்புக் கையிருப்பு கிட்டத்தட்ட பூஜ்யம்.

"மலம் கருப்பா போகுதா?" என்று கேட்டேன். ஒரு வருடமாகப் போகிறதாம். "இரும்பு மாத்திரை சாப்பிட்டா அப்படித்தான் போகும்னு சொன்னாங்க சார்." சொன்னது தப்பில்லை, மாத்திரையால் கருக்கும்தான். ஆனால் மாத்திரையை ஆரம்பிப்பதற்கு முன்பே கருப்பாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் முதல் நாள் கேட்கவில்லை. இருந்ததாம்.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 98,000, இயல்பைவிடக் குறைவு. இதைப் பார்த்ததும் அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பத்து வருடத்துக்கு முன் எல்லாம் தொடங்கியது அந்த எண்ணில்தான். மஜ்ஜை மறுபடி வற்றுகிறதா? ரத்த மாதிரியைப் பெங்களூருக்கு அனுப்பினோம். இன்னும் நூறு சதவீதம் அக்காவின் செல்கள்தான், மஜ்ஜையில் குறை இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் தட்டணுக்கள் எங்கே போகின்றன? ஸ்கேனில் மண்ணீரல் 15 செ.மீ. அளவுக்கு வீங்கியிருந்தது. அதுதான் பிடித்து வைத்துக்கொள்கிறது. மண்ணீரல் வீங்குவானேன்? கல்லீரலுக்குள் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறது. ஆனால் கல்லீரல் பரிசோதனை எண்கள் எல்லாம் ஏறக்குறைய இயல்பு. இவர் குடிப்பவரும் இல்லை, மஞ்சள் காமாலை வைரஸ்களும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்தக் கட்டத்தில் யாராவது "டெலோமியர் நீளத்தை ரத்தத்தில் மறுபடி பார்த்துவிடலாம்" என்று தொடங்கினால் அழகாக ஏமாறுவார்கள். இவர் உடம்பில் ஓடும் வெள்ளணுக்கள் அக்காவுடையவை. அதில் தெரிவது அக்காவின் டெலோமியர். அறிக்கை இயல்பு என்று வரும். நோய் இருப்பது நுரையீரலில், கல்லீரலில், குடலில், தோலில், அதாவது மாற்றப்படாத எல்லா இடத்திலும். ரத்தக்குழாயின் உள்சுவரும் அதில் சேர்த்தி.

அகலமான சாலை

அடுத்த பத்து நாட்களில் சேலத்திலும் பெங்களூரிலும் சோதனைகள் நடந்தன. மூச்சிரைப்புக்கு நாங்கள் பயந்த காரணங்கள் மூன்று. ஒன்று, டெலோமியர் நோயில் பலரையும் பிடிக்கும் நுரையீரல் தழும்பு. இரண்டு, மஜ்ஜை மாற்றுக்குப் பின் கொடையாளியின் செல்கள் மூச்சுச் சிறுகுழல்களைத் தாக்கி அடைப்பது. மூன்று, நம் ஊரில் விட்டுவிடவே கூடாத காசநோய். சி.டி. ஸ்கேனில் தழும்பு இல்லை. ஊதிப் பார்க்கும் சோதனையில் அடைப்பு இல்லை. சளியில் கிருமி இல்லை. ஆனால் காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன் இருக்க வேண்டியதில் 44 சதவீதம்தான். சி.டி.யில் நுரையீரலின் அடிப்பகுதியில் ரத்தக்குழாய்கள் ஓரம் வரை தடித்து ஓடின.

தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் உட்கார்ந்தால் 54, படுத்தால் 71. காற்றறைக்கும் தமனிக்கும் இடையிலான வித்தியாசம் 15-க்கு மேல் போனாலே சந்தேகம் என்பார்கள். இவருக்கு 50-ஐ ஒட்டி இருந்தது.

பிறகு குமிழி எக்கோ, அதாவது குமிழிகளைச் செலுத்திப் பார்க்கும் இதய ஸ்கேன். மிக எளிய சோதனை, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. உப்பு நீரைக் கொஞ்சம் காற்றோடு இரண்டு ஊசிகளுக்கிடையே வேகமாக அலசி, நுண்குமிழிகளை உண்டாக்கி, கை நரம்பில் செலுத்த வேண்டும். எக்கோ திரையில் இதயத்தின் வலப்பக்கம் பனி பொழிந்தது போல் வெண்மையாகும். நுரையீரலின் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களான தந்துகிகள் 8 முதல் 15 மைக்ரான்தான் இருக்கும். குமிழி அங்கே சிக்கிக் கரைந்துவிடும், இடப்பக்கம் வராது. இதயச் சுவரில் ஓட்டை இருந்தால் மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் வந்துவிடும். இவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு துடிப்பு வரை இடப்பக்கம் கறுப்பாகவே இருந்தது. ஐந்தாவது துடிப்பில் நிரம்பியது. குமிழிகள் நுரையீரல் வழியாகத்தான் கடந்து வந்திருக்கின்றன.

அவருக்கும் அக்காவுக்கும் இதைக் கிருஷ்ணகிரி டோல்கேட்டை வைத்து விளக்கினேன். வண்டிகள் ஒவ்வொன்றாகக் குறுகிய பாதையில் நுழைந்தால்தான் ஒவ்வொன்றிலும் கட்டணம் வாங்க முடியும். பாதையை எட்டு மடங்கு அகலமாக்கித் தடுப்பை எடுத்துவிட்டால் ஓரத்தில் போகிற வண்டி மட்டும் மாட்டும், நடுவில் போகிறதெல்லாம் அப்படியே பறந்துவிடும். நுரையீரலின் தந்துகிகள் விரிந்துவிட்டதால் நடுவில் ஓடும் சிவப்பணுக்கள் ஆக்சிஜனை வாங்காமலே கடந்து போகின்றன. உட்கார்ந்தால் புவியீர்ப்பில் ரத்தம் அடிப்பகுதிக்கு இறங்குகிறது. விரிந்த குழாய்கள் அதிகம் இருப்பது அங்கேதான். படுத்தால் ரத்தம் பரவலாகிறது, 95 வருகிறது. மண்டியில் சாக்கு விரித்துப் படுத்தவர் சோம்பேறி இல்லை.

இதற்குப் பெயர் ஹெபட்டோபல்மனரி சிண்ட்ரோம். கல்லீரலின் ரத்த ஓட்டம் கெட்டால், அங்கே வடிகட்டப்பட வேண்டியவை நுரையீரலை எட்டி, நைட்ரிக் ஆக்சைடு கூடி, தந்துகிகள் விரிகின்றன. கழுத்து நரம்பு வழியாக எடுத்த கல்லீரல் திசுவில் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பாகி இறுகும் நோய், இல்லை. சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கல்லீரல் மறுவளர்ச்சி கொண்ட மாற்றம் இருந்தது. கல்லீரலின் நுண்குழாய்கள் பழுதாகும்போது வரும் உருவம் அது. சிரோசிஸ் இல்லாததால்தான் ரத்தப் பரிசோதனை எண்கள் சாதுவாக இருந்தன.

நுரையீரலில் தமனியும் சிரையும் நேராக இணைந்துவிடும் கோளாறும் இந்த நோயில் உண்டு. அது பெரிதாக ஓரிடத்தில் இருந்தால் கம்பிச்சுருள் வைத்து அடைக்கலாம். நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தோம், தமனியில் ஆக்சிஜன் அழுத்தம் 400-ஐத் தாண்டியது. நேரடி இணைப்பு பெரிதாக இருந்தால் இப்படி ஏறாது. பரவலாக விரிந்த தந்துகிகள்தான் என்று உறுதியானது, அடைக்க ஒன்றுமில்லை.

எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியிலும் முன்சிறுகுடலிலும் சிவப்புச் சிலந்திகளாக விரிந்த குழாய்கள், இரண்டில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆர்கான் வாயுவால் சுட்டு அடைத்தார்கள். இரும்பு மாத்திரை நிரப்ப முயன்ற ஓட்டை அது. உணவுக்குழாயில் சிறிய நரம்புப் புடைப்புகளும் இருந்தன. கண் மருத்துவர் விழித்திரையின் ஓரத்தில் சில குழாய்கள் வற்றியிருப்பதைப் பார்த்து லேசர் போட்டார். பார்வைக்குச் சேதம் இல்லை.

ஆக நுரையீரல், கல்லீரல், குடல், விழித்திரை என்று நான்கு இடம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனி மருத்துவர். நோய் ஒன்றுதான்: ரத்தக்குழாய்களுடையது. டெலோமியர் நோயாளிகளைக் கூட்டமாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வாளர்கள் கடந்த பத்து வருடத்தில் எழுதியதும் இதைத்தான். இந்தச் சிக்கல்கள் தனித்து வருவதைவிடச் சேர்ந்து வருகின்றன. சிறுவயதிலேயே தாக்கும் மரபணு வகைகளில் அதிகம் தென்படுகின்றன. மஜ்ஜை மாற்று செய்திருந்தாலும் வரும், செய்யாவிட்டாலும் வரும். மஜ்ஜை வற்றி இறந்துபோன காலத்தில் இவை வெளிவர நேரமே கிடைக்கவில்லை. மாற்று சிகிச்சை ஆயுளைக் கூட்டியதும் அடுத்த அடுக்கு தெரிய ஆரம்பித்திருக்கிறது.

மஞ்சள் பை

பழைய காகிதங்களைக் கேட்டபோது அம்மா ஒரு மஞ்சள் பையை மேசையில் கவிழ்த்தார். நகைக்கடைப் பை, காது கிழிந்து பாலித்தீன் கயிறு கட்டியிருந்தது. உள்ளே பத்து வருடக் காகிதங்கள். அவற்றுக்கு நடுவில் மரபணு அறிக்கை இருந்தது: டி.கே.சி.1 என்ற மரபணுவில் பிழை. நான்கு பக்க ஆங்கிலம். அதை யாரும் இவர்களுக்குப் படித்துச் சொல்லியிருக்கவில்லை.

நான் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே சொன்னார். "மாமனைக் கட்டிக்கிட்டதாலதான் சார் இப்படி. எல்லாரும் அதான் சொன்னாங்க. எங்க அம்மாவுக்குத் தம்பி அவரு. நான் வேணாம்னு அழுதேன், கேக்கல."

இங்கே தாய்மாமன் கல்யாணம் சாதாரணம். நெருங்கிய உறவில் கட்டினால் மறைந்திருக்கும் மரபணுப் பிழைகள் இரட்டையாகச் சேரும் என்பதும் உண்மை. டெலோமியர் நோயிலேயே அப்படி வரும் வகைகள் பல இருக்கின்றன. அதனால் இந்தக் குடும்ப மரத்தைப் பார்க்கிற எவரும், நானும்தான், உடனே அந்த முடிவுக்கு வந்துவிடுவோம். ஆனால் டி.கே.சி.1 இருப்பது எக்ஸ் குரோமோசோமில். 1998-இல் கண்டுபிடித்தது, இந்த நோய்க்கு முதலில் தெரிய வந்த மரபணுவும் இதுதான். ஆண் பிள்ளைக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும். அப்பா மாமனாக இருந்தாலும் அந்நியராக இருந்தாலும் இந்தப் பையனுக்கு இந்த நோய் வந்திருக்கும்.

"உங்க கூடப்பிறந்தவங்கள்ல யாராவது ஆம்பளைப் பிள்ளை இப்படி இருந்தாங்களாம்மா?"

அண்ணன் ஒருவர் இருந்தாராம். 29 வயதில் ரத்தம் இல்லாமல் செத்துப்போனார். அவருக்கும் நகம் கிடையாது. அதை இதுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

நான் சொன்னது அவருக்கு ஆறுதலா, புதுப் பாரமா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாமன் காரணமில்லை என்றதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அப்போ எங்கிட்டருந்துதான் போயிருக்கு" என்றார். ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது. உங்களுக்கு உங்கள் அம்மாவிடமிருந்து, அவருக்கு அதற்கும் மேலேயிருந்து, இதில் யாரும் யாருக்கும் தெரிந்து கொடுக்கவில்லை என்று சேர்த்துச் சொன்னேன். பெரிய வார்த்தை இல்லை, கைவசம் இருந்தது அதுதான்.

பையில் இன்னொரு காகிதமும் இருந்தது. மஜ்ஜை கொடுப்பதற்கு முன் அக்காவையும் சோதித்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அதே பிழையைச் சுமக்கலாம் என்பதால் இந்த நோயில் அது கட்டாயம். அவருக்கு அந்தப் பிழை இல்லை. அவருடைய பிள்ளைகளுக்கும் வராது. அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை, ஏழு வயது. ஆண் பிள்ளை பிறந்து தம்பி மாதிரி ஆகிவிடுமோ என்று அடுத்ததை வேண்டாமென்று வைத்திருந்தார்கள். எதிர்மறை என்று அந்தத் தாளில் எழுதி ஒன்பது வருடம் ஆகிறது. அக்கா அதைக் கையில் வாங்கி, புரியாத எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்தோம்

வீட்டுக்கு ஆக்சிஜன் தயாரிக்கும் மெஷின் ஏற்பாடாயிற்று. மின்வெட்டுக்கு ஒரு சிலிண்டர். நரம்பில் ஊசி போடும்போதெல்லாம் குழாயில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது என்று சீட்டின் மேல் சிவப்பில் எழுதினேன். மற்றவர்களுக்குத் தந்துகியில் கரையும் குமிழி இவருக்கு மூளைக்குப் போகும். எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவர் சொட்டுக் குழாயை விளக்குக்கு எதிரே பிடித்து, ஒட்டியிருந்த கடுகளவு குமிழியைச் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றியதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

டெலோமியர் நோயில் டானசோல் போன்ற ஆண் ஹார்மோன் மருந்துகள் ரத்த எண்ணிக்கையைத் தூக்கும். இவருக்கு மஜ்ஜையில் குறையே இல்லை, மாறாகக் கல்லீரல் ஏற்கெனவே பழுது. அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

ஹெபட்டோபல்மனரி சிண்ட்ரோமை மருந்தால் திருப்ப வழியில்லை. கல்லீரலை மாற்றினால் விரிந்த தந்துகிகள் மாதக்கணக்கில் மெல்லச் சுருங்குகின்றன. டெலோமியர் நோயில் இந்த முடிவை எடுப்பது லேசில்லை. நாளை நுரையீரல் தழும்பு வரலாம். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு இவர்கள் இயல்பாகவே ஆபத்தில் இருக்கிறார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகள் அதைக் கூட்டும். சென்னையில் கல்லீரல் குழு இரண்டு முறை உட்கார்ந்து பேசியது.

அம்மா முதலில் முன்வந்தார். அவர் பிழையைச் சுமப்பவர் என்பதால் குழு ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்து அக்கா. இங்கேதான் கதை ஒரு நல்ல திருப்பம் எடுத்தது. இவருடைய எதிர்ப்பாற்றல் செல்கள் முழுக்க அக்காவுடையவை. அக்காவின் கல்லீரலை அவை அந்நியமாகப் பார்க்க வேண்டியதில்லை. மஜ்ஜை கொடுத்தவரே பிறகு உறுப்பையும் கொடுக்கும்போது அடக்கும் மருந்தை மிகவும் குறைக்கவோ, நிறுத்தவோ முடிந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டிய ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

அக்கா வீட்டுக்காரருக்கு மனமில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, வீட்டில் ஏழு வயதுக் குழந்தை இருக்கிறது. கொடுப்பவருக்கு என்ன ஆபத்து என்பதை மறைக்காமல் சொன்னோம். ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் முடிவு சொல்ல அக்கா தனியாகத்தான் வந்தார். "ரத்தம் ஏற்கெனவே என்னுது. ஈரலும் கொடுத்துட்டா அவன் முக்கால்வாசி நான்தான் சார். அப்புறம் எங்கிட்ட எதிர்த்துப் பேசட்டும் பாக்கலாம்."

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பெரும்பகுதி, மீதிக்கு மண்டிக்காரர்கள். சோம்பேறி என்று சொன்ன ஓனர்தான் முதல் ஆளாகப் பணம் கட்டினார்.

அறுவைக்குப் பின் ஒன்பது நாள் வென்டிலேட்டர். ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு முதல் வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தே போனோம், இருந்தாலும் ஆறாம் நாள் சென்னையிலிருந்து போன் வந்தபோது எடுக்கக் கை நடுங்கியது. ஐந்து மாதம் வீட்டில் ஆக்சிஜனோடு இருந்தார். எட்டாம் மாதம் என் அறைக்கு நடந்து வந்தார். உட்கார்ந்து 95, படுத்து 96. தட்டணுக்கள் 1,60,000. எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை ஒன்றுதான், அதுவும் சிறிய அளவில். குடலின் சிவப்புச் சிலந்திகள் முழுதாகப் போகவில்லை. ஒரு முறை மறுபடி கசிந்து, மறுபடி சுட வேண்டியிருந்தது. நாக்கின் வெள்ளைத் திட்டைச் சேலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்.

இன்னொரு கழுத்து

அம்மாவுக்கு ஒரு தங்கை இருக்கிறார், காவேரிப்பட்டினம் பக்கம் கட்டிக் கொடுத்தது. பிழையைச் சுமக்க அவருக்கும் சம வாய்ப்பு உண்டு. அவருக்கு ஒரே மகன், 12 வயது. "நல்லாத்தான் இருக்கான், கழுத்துதான் தேய்ச்சுக் குளிக்க மாட்டேங்கிறான்" என்றார் போனில். அழைத்து வரச் சொன்னேன்.

கழுத்து அழுக்கில்லை. கட்டைவிரல் நகங்களில் நீளவாக்கில் கோடுகள், நுனி மெலிந்து பிளக்கத் தொடங்கியிருந்தது. தட்டணுக்கள் 1,18,000, சிவப்பணுக்கள் அளவில் சற்றே பெரியவை. அண்ணனின் பிழை எதுவென்று தெரியும் என்பதால் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும். ரத்தம் எடுத்து அனுப்பினோம். இந்த முறை அது அவனுடைய சொந்த ரத்தம்.

கூட வந்திருந்த அண்ணன் மேசையிலிருந்த காது கிளிப்பை எடுத்து, கேட்காமலே, அவன் காதில் மாட்டினார். பையன் கூச்சத்தில் நெளிந்தான். உட்கார்ந்து 98. "இப்போ படு." எதற்கு என்று கேட்டான். "படுடா, சொல்றேன்." 98. இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி, எதிரே தேதி போட்டேன்.